டைம்ஷேர் வாரத்தை மாற்றுவது: ஆர்சிஐ, இன்டர்வல், நேரடி மாற்று. எதில் எவ்வளவு போகும், என்ன கிடைக்கும்?

#1 மாடிவீடு

எல்லாருக்கும் வணக்கம். ஒரு விஷயத்தில் தெளிவு வேண்டும். எங்களிடம் டைம்ஷேர் இருக்கிறது, அதாவது ஒரு ரிசார்ட்டில் வருடம் ஒரு வாரம் தங்கும் உரிமை.

இரண்டு படுக்கையறை லாக்-ஆஃப் யூனிட், கோடையில் ஃப்ளோட்டிங் வாரம் (தேதி நிலையானதல்ல, பருவத்துக்குள் ஒரு வாரம்). நடுவில் இருக்கும் கதவைப் பூட்டினால் ஒரு படுக்கையறை யூனிட் தனி, ஸ்டுடியோ தனி. நம் வாரத்தை வாங்கிக்கொண்டு வேறு ரிசார்ட்டில் வாரம் தரும் மாற்று நிறுவனங்கள் இரண்டிலும், அதாவது ஆர்சிஐயிலும் இன்டர்வலிலும், எங்கள் ரிசார்ட் இருக்கிறது. அடுத்த வருடம் சொந்த ரிசார்ட்டுக்குப் போகும் திட்டம் இல்லை. வேறு இடம் வேண்டும். எந்த நிறுவனத்தில் போட்டால் லாபம்? உறுப்பினர் கட்டணம், மாற்றுக் கட்டணம், அதற்கு மேல் ஏதேதோ கட்டணம் என்று பட்டியல் நீள்கிறது. மொத்தமாக ஒரு வாரத்துக்கு என்ன விலை விழுகிறது என்று எப்படிக் கணக்குப் போடுவது?

#2 கணக்குச்சீட்டு

முதலில் கணக்கு, பிறகு நிறுவனம். பலர் மாற்றுக் கட்டணத்தை மட்டும் பார்த்து "ஒரு வாரம் 250 டாலருக்குக் கிடைத்தது" என்கிறார்கள். அது ஒரு வாரத்தின் விலை இல்லை, கதவைத் திறக்கும் கட்டணம் மட்டும்தான்.

கட்டணங்கள் அடிக்கடி மாறுவதால் கணக்குக்காகச் சில எண்களை எடுத்துக்கொள்வோம். உங்கள் கணக்கில் உள்ள எண்களை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் 1200. உறுப்பினர் கட்டணம் 120. ஒரு மாற்றுக்கு 250.

முழு யூனிட்டையும் ஒரே டெபாசிட்டாகப் போட்டு, அதாவது மாற்று நிறுவனத்திடம் ஒப்படைத்து, ஒரு வாரம் எடுத்தால் 1200 + 120 + 250 = 1570. ஏழு இரவுக்கு வகுத்தால் ஓர் இரவு சுமார் 224.

அதே யூனிட்டை லாக்-ஆஃப் செய்து இரண்டு டெபாசிட்டாகப் போட்டு இரண்டு வாரம் எடுத்தால் 1200 + 120 + 500 = 1820. பதினான்கு இரவுக்கு வகுத்தால் ஓர் இரவு 130.

வித்தியாசம் கிட்டத்தட்ட நூறு டாலர். லாக்-ஆஃப் வைத்திருப்பவர் முதலில் கேட்க வேண்டியது எந்த நிறுவனம் என்பதை அல்ல, பிரித்துப் போடலாமா என்பதைத்தான். சில ரிசார்ட்டுகள் பிரிப்பதற்குத் தனிக் கட்டணம் வாங்கும். அதைக் கேட்டு 1820-இல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

#3 நெய்தல்

கணக்குச்சீட்டு சொன்னதோடு இன்னொன்றும் பார்க்க வேண்டும். பிரித்துப் போட்டால் ஒவ்வொரு பாதிக்கும் மாற்று வலிமை, அதாவது பதிலுக்கு எவ்வளவு நல்ல வாரம் கேட்கலாம் என்பது, குறையும். ஸ்டுடியோவைக் கொடுத்து இரண்டு படுக்கையறை கேட்டால் சாதாரணமாகக் கிடைக்காது. குடும்பத்தில் ஆறு பேர் என்றால் பிரித்ததில் பயனில்லை. இரண்டு பேர், மூன்று பேர் என்றால் பிரிப்பதுதான் சரி.

ஆர்சிஐயின் வாரங்கள் திட்டத்தில் இந்த வலிமை எண்ணாகவே தெரியும். 2010 கடைசியில் கொண்டுவந்த மாற்றத்துக்குப் பிறகு, டெபாசிட் செய்வதற்கு முன்பே "இந்த வாரத்துக்கு இத்தனை டிரேடிங் பவர்" என்று கால்குலேட்டர் காட்டும். தேடும்போது ஒவ்வொரு வாரத்துக்கு எதிரிலும் அதற்குத் தேவையான எண் இருக்கும். உங்களிடம் 31 இருந்து, எடுக்கும் வாரம் 19 என்றால் மீதி 12 உங்கள் கணக்குக்கே திரும்பும். அந்த 12-ஐ வைத்து அமைதியான பருவத்தில் இன்னொரு வாரம் எடுக்கலாம், அல்லது அடுத்த டெபாசிட்டோடு கூட்டிப் பெரியதாக்கலாம். இரண்டுக்கும் கட்டணம் உண்டு. மீதியில் எடுக்கும் வாரத்துக்கும் முழு மாற்றுக் கட்டணம், கூட்டுவதற்குத் தனிக் கட்டணம். சின்ன மீதிகளைக் கூட்டிக்கொண்டே போனால் கட்டணம்தான் சேரும்.

ஆர்சிஐயில் மறக்கவே கூடாதது ஒன்பது மாதம். வாரம் தொடங்குவதற்கு ஒன்பது மாதமோ அதற்கு மேலோ இருக்கும்போது டெபாசிட் செய்தால் முழு எண் கிடைக்கும். அதற்குள் வந்தால் படிப்படியாகக் குறையும். ஜூலை வாரம் என்றால் முந்தைய அக்டோபர் தொடக்கத்துக்குள் போட்டிருக்க வேண்டும். ஏப்ரலில் "இந்த வருடம் போக முடியாது போலிருக்கிறது" என்று போடுபவருக்குக் கோடை வாரத்துக்கு உரிய எண் வராது. காரணம் எளிது. அந்த வாரத்தை வேறொருவருக்குக் கொடுக்க நிறுவனத்துக்குக் கிடைக்கும் காலம் குறைந்துவிட்டது.

#4 அலைகடல்

இன்டர்வல் பக்கம் வேறு மாதிரி. உங்கள் வாரத்தின் வலிமையை எண்ணாகக் காட்டாது. பருவம், யூனிட் அளவு, ரிசார்ட் தரம், எவ்வளவு முன்னால் போட்டோம் என்பதையெல்லாம் வைத்து உள்ளே ஒப்பிட்டு, உங்களுக்குத் தகுந்ததை மட்டும் திரையில் காட்டும். வெளியே தெரிவது டிராவல் டிமாண்ட் இண்டெக்ஸ், அதாவது எந்த வாரத்துக்கு எவ்வளவு தேவை என்று காட்டும் எண், ஒன்றுதான். ஒவ்வொரு ஊர்ப்பகுதிக்கும் வாரவாரியாக 50 முதல் 150 வரை. 100 சராசரி. உங்கள் வாரம் 130 இருந்து, கேட்கும் வாரம் 90 என்றால் நிம்மதியாகக் கேட்கலாம். தலைகீழாக இருந்தால் காத்திருக்க வேண்டும்.

இன்டர்வலில் இரண்டு வழி. வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளாமல் பணம் கட்டாதீர்கள்.

டெபாசிட் முதலில்: வாரத்தை ஒப்படைத்துவிடுகிறீர்கள். வாரம் தொடங்கும் தேதிக்கு இரண்டு வருடம் முன்பிலிருந்து இரண்டு வருடம் பின்பு வரை பயணம் செய்யலாம்.

கோரிக்கை முதலில்: வாரம் உங்கள் கையிலேயே இருக்கும். கேட்டது உறுதியானால்தான் கைமாறும். உறுதியாகாவிட்டால் நீங்களே போகலாம், வாடகைக்கும் விடலாம். ஆனால் உங்கள் வாரத்தின் தேதிக்கு முன்னால்தான் பயணம் செய்ய முடியும், பின்னால் முடியாது. அதனால் கோடை வாரத்தைக் கொடுத்து அதற்கு முந்தைய வசந்தத்தில் போவதற்கு இது சரி. அடுத்த குளிர்காலத்துக்கு டெபாசிட்தான் வழி.

"ஒரு குறிப்பிட்ட இடம் கிடைத்தால் மட்டும் மாற்றுவேன்" என்பவர்களுக்குக் கோரிக்கை முதலில் என்பதுதான் பாதுகாப்பு. ஆர்சிஐயின் வாரங்கள் திட்டத்தில் முதலில் ஒப்படைத்த பிறகுதான் எடுக்க முடியும்.

#5 மாடிவீடு

நன்றி. நெய்தல் அக்கா, ஃப்ளோட்டிங் வாரத்தில் எந்த வாரத்தை டெபாசிட் செய்கிறோம் என்பதை நாங்களே தேர்ந்தெடுக்க முடியுமா? முடியும் என்றால் மிகப் பரபரப்பான வாரத்தைப் பதிவு செய்து போடுவதுதானே நல்லது?

#6 நெய்தல்

ரிசார்ட்டைப் பொறுத்தது. இரண்டு வகை உண்டு.

முதல் வகையில் நீங்கள் ரிசார்ட்டில் ஒரு வாரத்தைப் பதிவு செய்து, அந்த உறுதிச்சீட்டு எண்ணோடு அந்த வாரத்தையே ஒப்படைக்கிறீர்கள். இங்கே நீங்கள் சொன்னது சரி. பதிவு திறக்கும் நாளிலேயே காலையில் உச்சப் பருவ வாரத்தைப் பிடித்து ஒப்படைத்தால், அதே உரிமைப்பத்திரத்துக்குக் கூடுதல் வலிமை வரும்.

இரண்டாம் வகையில் ரிசார்ட்டே மொத்தமாகச் சில வாரங்களை நிறுவனத்திடம் ஒப்படைத்து வைத்திருக்கும். நீங்கள் "டெபாசிட்" என்றதும் அதிலிருந்து ஒன்று உங்கள் பெயருக்கு வரும். எந்த வாரம் என்பது அவர்கள் முடிவு. இப்படிப்பட்ட ரிசார்ட்டில் ஜூலையைப் பிடிக்க முயல்வது வீண்.

ரிசார்ட்டின் உரிமையாளர் சேவைப் பிரிவில் இப்படிக் கேளுங்கள்: "நான் பதிவு செய்த வாரத்தையே ஆர்சிஐயில் ஒப்படைக்க முடியுமா, அல்லது நீங்கள் ஒதுக்குவீர்களா? இன்டர்வலுக்கும் அதே விதியா?" இரண்டு நிறுவனங்களுக்கும் விதி வேறாக இருக்கலாம். அந்தப் பதிலே எந்த நிறுவனம் என்பதைப் பாதி முடிவு செய்துவிடும்.

இன்னொன்று. டெபாசிட் செய்யும் ஆண்டுக்கான பராமரிப்புக் கட்டணம் கட்டி முடித்திருக்க வேண்டும். அடுத்த வருட வாரத்தை முன்கூட்டியே போட வேண்டுமென்றால் கட்டணத்தையும் முன்கூட்டியே கட்ட வேண்டியிருக்கும்.

#7 தெற்குத்திசை

எங்கே போக வேண்டும் என்பதிலிருந்து பின்னோக்கி வாருங்கள். மாற்று நிறுவனம் ஒரு பண்டமாற்றுக் கிடங்கு. யார் உள்ளே போடுகிறார்களோ அதுதான் வெளியே வரும்.

மேரியட், வெஸ்டின், ஷெராட்டன், ஹயாட் டைம்ஷேர்கள் வேண்டுமென்றால் இன்டர்வல். இன்டர்வல் 1976-இல் தொடங்கியது. 2018 முதல் மேரியட் வெக்கேஷன்ஸ் வேர்ல்ட்வைடின் கையில் இருக்கிறது. டிஸ்னி வெக்கேஷன் கிளப் 2009-இல் ஆர்சிஐக்குப் போய், 2022 தொடக்கத்தில் இன்டர்வலுக்குத் திரும்பியது. பழைய பதிவுகளைப் படித்துவிட்டு இன்னும் ஆர்சிஐயில் டிஸ்னியைத் தேடுபவர்கள் இருக்கிறார்கள்.

விண்டம், ஹில்டன் கிராண்ட் வெக்கேஷன்ஸ் ஆர்சிஐ பக்கம். ஆர்சிஐ 1974-இல் தொடங்கியது; இப்போது டிராவல் அண்டு லெஷர் நிறுவனத்தின் கீழ், அதாவது பழைய விண்டம் டெஸ்டினேஷன்ஸ். ரிசார்ட்டுகளின் எண்ணிக்கை அதிகம், சின்னச் சின்ன ஊர்களும் அதிகம். ஆனால் தரத்தில் ஏற்றத்தாழ்வும் அதிகம். கோல்டு கிரவுன், சில்வர் கிரவுன் என்ற தர அடையாளம் இருக்கிறதா என்று பார்த்தே எடுங்கள். இன்டர்வலில் அதற்கு இணையானவை எலைட், பிரீமியர், செலக்ட்.

ஒரு எச்சரிக்கை. மேரியட் உரிமையாளர் ஒப்படைத்த வாரம் முதல் சில வாரங்களுக்கு மற்ற மேரியட் உரிமையாளர்களுக்குத்தான் முன்னுரிமையில் போகும். அவர்கள் எடுத்து மிச்சமானதுதான் நமக்கு. அதனால் வெளியாள் உச்சப் பருவத்தில் ஹவாயை எதிர்பார்ப்பதைவிட, பருவத்துக்குச் சற்று முன்னும் பின்னும் கேட்பது நல்லது.

ஆர்லாண்டோ இதற்கு நேர் எதிர். அங்கே டைம்ஷேர் யூனிட்டுகள் அளவுக்கு மீறி இருப்பதால் பள்ளி விடுமுறை இல்லாத வாரங்கள் மிகக் குறைந்த வலிமைக்கே கிடைக்கும். வலிமையான டெபாசிட்டை அங்கே செலவழிப்பது நஷ்டம். நெய்தல் சொன்ன மீதி 12-ஐ வைத்துக்கொண்டு தேட வேண்டிய இடம் அதுதான்.

#8 ஓடக்காரன்

எல்லோரும் மாற்றுவது எப்படி என்றே பேசுகிறீர்கள். மாற்றவே கூடாது என்பது என் கருத்து. வாரத்தை வாடகைக்கு விடுங்கள். வேண்டிய இடத்தை ரொக்கத்துக்கு எடுங்கள். இரண்டு நிறுவனங்களும் தங்கள் கிடங்கில் இருப்பதையே பணத்துக்கும் கொடுக்கின்றன. ஆர்சிஐயில் எக்ஸ்ட்ரா வெக்கேஷன்ஸ், இன்டர்வலில் கெட்அவேஸ். டெபாசிட் எதுவும் தேவையில்லை, உறுப்பினராக இருந்தால் போதும். மாற்றுக் கட்டணத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் பருவமில்லாத காலத்தில் அதே யூனிட்டே வாடகைக்குக் கிடைக்கிறது. பிறகு எதற்கு 1200 மதிப்புள்ள வாரத்தைக் கொடுக்க வேண்டும்?

#9 கணக்குச்சீட்டு

ஓடக்காரன் சொல்வதில் பாதி சரி. ஆனால் 1200 என்று சொன்ன இடத்தில் கணக்கு மாறுகிறது. நான் மேலே போட்டதும் இந்த விஷயத்தில் முழுமை இல்லை, திருத்திச் சொல்கிறேன்.

இரண்டு வேறு கேள்விகள் இருக்கின்றன.

டைம்ஷேரை வைத்திருப்பதா, கைவிடுவதா என்பது முதல் கேள்வி. அதற்குப் பராமரிப்புக் கட்டணத்தைச் சேர்க்க வேண்டும். என் 1570-உம் 1820-உம் இந்தக் கேள்விக்கான பதில்கள்.

இந்த வருட வாரத்தை என்ன செய்வது என்பது இரண்டாவது. இங்கே 1200 கணக்கில் வராது. மாற்றினாலும், வாடகைக்கு விட்டாலும், காலியாகக் கிடந்தாலும் அதைக் கட்டித்தான் ஆக வேண்டும். அந்த வாரத்தை வாடகைக்கு விட்டால் விளம்பரச் செலவு போகக் கையில் என்ன நிற்கும் என்பதுதான் இங்கே எண். மாற்றும்போது நாம் உண்மையில் கொடுப்பது அதைத்தான்.

எடுத்துக்காட்டு. உங்கள் ஒரு படுக்கையறைப் பாதிக்குக் கோடையில் நிகர வாடகை 900 கிடைக்கும் என்று வைப்போம். மாற்றினால் 900 + 250 = 1150 கொடுத்து ஒரு வாரம் வாங்குகிறீர்கள். அதே இடம் கெட்அவேஸில் 800 என்றால் ஓடக்காரன் சொன்னதுதான் சரி. வாடகைக்கு விட்டு, ரொக்கத்துக்கு எடுத்தால் 350 மிச்சம்.

ஸ்டுடியோப் பாதிக்கு வாடகை 300-தான் வரும் என்று வைப்போம். மாற்றினால் 300 + 250 = 550. அதில் கிடைக்கும் வாரத்தின் சந்தை வாடகை 1100 என்றால் மாற்றுவதே லாபம், 550 மிச்சம்.

ஆக, வாடகைச் சந்தையில் வலிமையான பகுதியை வாடகைக்கு விடுங்கள். அங்கே வலுவில்லாத பகுதியை மாற்றுங்கள். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். சிறந்த வாரத்தை ஒப்படைத்துவிட்டு, யாருக்கும் வேண்டாத ஸ்டுடியோவை வாடகைக்கு விட முயன்று கடைசியில் காலியாக விடுகிறார்கள்.

#10 ஓடக்காரன்

ஸ்டுடியோ விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாடகை என்பது உறுதியான பணம் இல்லை என்பதையும் எழுதுங்கள். வாடகைக்காரர் கிடைக்காமல் ஒன்பது மாதக் கெடு தாண்டிவிட்டால் டெபாசிட் மதிப்பும் போய்விடும். வாடகைக்கு விட முயல்பவர் ஒரு கடைசித் தேதியைக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தத் தேதிக்குள் ஆள் வரவில்லை என்றால் யோசிக்காமல் ஒப்படைத்துவிட வேண்டும்.

இன்னும் இரண்டு. வாடகை வருமானத்துக்கு வரி உண்டு. அதைவிட முக்கியம், மாற்றில் கிடைத்த வாரத்தை வாடகைக்கு விடக் கூடாது. இரண்டு நிறுவனங்களின் விதியிலும் இது இருக்கிறது. கண்டுபிடித்தால் பதிவு ரத்தாகும், கணக்கையும் முடக்குவார்கள். சொந்த வாரத்தை மட்டும்தான் வாடகைக்கு விடலாம், அதுவும் ரிசார்ட் விதி அனுமதித்தால்.

#11 அலைகடல்

ஸ்டுடியோவை மாற்றுபவர்களுக்கு இன்டர்வலில் ஒரு நல்ல ஜன்னல் இருக்கிறது: ஃபிளெக்ஸ்சேஞ்ச். பயணத்துக்கு 59 நாள் முன்பிலிருந்து 24 மணி நேரம் முன்பு வரை. இந்த ஜன்னலில் ஒப்பீடு தளர்கிறது. காலியாகப் போகவிருக்கும் யூனிட்டை யாருக்காவது கொடுத்தால் போதும் என்ற நிலையில் ஸ்டுடியோவுக்கும் இரண்டு படுக்கையறை காட்டும். கடைசி நேரத்தில் கிளம்ப முடிந்தவர்களுக்கு, காரில் போகும் தூரத்தில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல மதிப்பு கிடையாது. விமான டிக்கெட் வாங்க வேண்டியவர்களுக்குக் கடைசி நேர விலை அந்த லாபத்தைத் தின்றுவிடும்.

இங்கே இரண்டு இடத்தில் சறுக்குவார்கள். முதலாவது: சொந்த வாரத்தையே 59 நாளுக்குள் ஒப்படைத்தால் அந்த டெபாசிட் ஃபிளெக்ஸ்சேஞ்ச் பயணங்களுக்கு மட்டுமே செல்லும். தள்ளிப்போட்டதற்குத் தண்டனை மாதிரி. இரண்டாவது: ஒப்படைத்ததைவிடப் பெரிய யூனிட் எடுத்தால் அளவு உயர்வுக் கட்டணம் தனியாக விழும். ஸ்டுடியோ கொடுத்து இரண்டு படுக்கையறை எடுப்பவர் மாற்றுக் கட்டணத்தோடு அதையும் கூட்டிப் பார்த்து, அதே வாரத்தின் கெட்அவே விலையோடு ஒப்பிட்ட பிறகே பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டு விலையும் ஒரே தளத்தில் அடுத்தடுத்த தாவலில் இருக்கின்றன. ஒரு நிமிட வேலை.

#12 மாடிவீடு

இதெல்லாம் தெரியாமல் முழு யூனிட்டையும் ஒப்படைக்க இருந்தேன். இன்னொரு சந்தேகம். தேடினால் வேண்டிய இடம் திரையில் வருவதே இல்லை. "ஆன்கோயிங் சர்ச்", அதாவது கிடைக்கும் வரை காத்திருக்கும் கோரிக்கை, போடச் சொல்கிறார்கள், முன்பணமாக மாற்றுக் கட்டணத்தையும் கேட்கிறார்கள். கட்டலாமா?

#13 தெற்குத்திசை

கட்டலாம், கட்டத்தான் வேண்டும். நல்ல வாரங்கள் பொதுத் திரைக்கு வருவதே அரிது. ஒரு வாரம் கிடங்குக்குள் வந்ததும் கணினி முதலில் காத்திருக்கும் கோரிக்கைகளோடு பொருத்திப் பார்க்கும். பொருந்தினால் அங்கேயே முடிந்துவிடும். மிச்சம்தான் தேடுபவர் கண்ணில் படும். திரையில் இல்லை என்பதால் அந்த வாரமே இல்லை என்று நினைக்காதீர்கள். உறுதியாவதற்கு முன் கோரிக்கையை நீக்கினால் கட்டணம் திரும்பிவிடும்.

கோரிக்கையை எழுதும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரே ரிசார்ட், ஒரே தேதி என்று எழுதினால் வருடம் முழுக்க காத்திருந்து ஏமாற வேண்டியதுதான். நான்கைந்து ரிசார்ட், மூன்று நான்கு வாரத் தேதி வரம்பு, வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் செக்-இன்னும் சரி என்று எழுதுங்கள். குறைந்தபட்ச யூனிட் அளவை மட்டும் கண்டிப்பாக வையுங்கள். கடற்கரைக் கோடை, பனிச்சறுக்கு வாரம், நியூயார்க் நகரம் போன்றவற்றுக்கு ஒரு வருடம் முன்பே போட்டுவிட வேண்டும்.

தலைகீழ்ப் பிழையும் உண்டு. வரம்பை மிக விரித்து எழுதினால் பொருந்தியதும் தானாக உறுதியாகிவிடலாம். போக விரும்பாத ரிசார்ட்டைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். உறுதியானதும் குறுகிய அவகாசத்துக்குள் ரத்து செய்யவில்லை என்றால் கட்டணம் திரும்பாது. அதனால் சர்ச் ஓடும் நாட்களில் மின்னஞ்சலைத் தினமும் பாருங்கள்.

கோரிக்கை பொருந்தாமலேயே இருப்பதற்கு இன்னும் இரண்டு காரணங்களைப் பலர் கவனிப்பதில்லை. சில ரிசார்ட்டுகளில் "நான்கு வருடத்தில் ஒரு முறை" விதி. போன வருடம் அங்கே மாற்றில் தங்கியிருந்தால் இந்த வருடம் கிடைக்காது. சிலவற்றில் பகுதித் தடை. உங்கள் சொந்த ரிசார்ட் அதே பகுதியில் இருந்தால் உள்ளே விடமாட்டார்கள். இரண்டும் ரிசார்ட் விவரப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும்.

#14 நெய்தல்

சின்ன எழுத்து என்றதும் சொல்ல வேண்டியது. உறுதி செய்யும் முன் திரையில் நான்கு வரியை வாசியுங்கள்.

யூனிட் வரியில் 6/4 என்று இருக்கும். ஆறு பேர் படுக்கலாம். நான்கு பேருக்குத்தான் தனிமை. மீதி இருவர் கூடத்தில் சோஃபாவை விரித்துப் படுக்க வேண்டும், குளியலறைக்குப் போகிறவர்கள் அவர்களைத் தாண்டித்தான் போவார்கள். இரண்டு தம்பதியரோடு இன்னும் இரண்டு பெரியவர்கள் என்றால் 6/4 போதாது, 6/6 தேடுங்கள். ஒரு படுக்கையறையில் 4/2-உம் 4/4-உம் ஒரே பெயரில் வரும். விலையும் ஒன்றாகவே தெரியும்.

சமையலறை வரி: முழுச் சமையலறையா, பகுதியா, இல்லையா. "பகுதி" என்றால் பெரும்பாலும் மைக்ரோவேவும் சின்ன ஃபிரிட்ஜும்தான்.

ஆல்-இன்குளூசிவ் (சாப்பாடு, பானம் எல்லாம் சேர்ந்த திட்டம்) வரி: "கட்டாயம்" என்று இருந்தால் மாற்று கிடைத்த பிறகும் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ரிசார்ட்டில் பணம் கட்ட வேண்டும். நான்கு பேர் குடும்பத்துக்கு ஏழு நாளில் அது பராமரிப்புக் கட்டணத்தையே தாண்டிவிடும். "விருப்பம்" என்று இருந்தால் பயமில்லை.

கடைசி வரி: ரிசார்ட் கட்டணம், தங்கல் வரி, சில இடங்களில் வாகன நிறுத்தம். சில பெரிய பிராண்டுகள் மாற்றில் வருபவர்களிடம் மட்டும் தனிக் கட்டணம் வாங்குகின்றன. இவற்றையெல்லாம் செக்-இன் மேசையில்தான் கேட்பார்கள், மாற்று நிறுவனத்தின் ரசீதில் வராது.

நீங்கள் போகாமல் தம்பியோ தோழியோ போகிறார் என்றால் அவர் பெயரில் கெஸ்ட் சர்டிஃபிகேட்டும் (விருந்தினர் சான்று) வேண்டும், அதற்கும் கட்டணம். வாங்காமல் அனுப்பினால் வரவேற்பில் சாவி கிடைக்காது.

#15 கணக்குச்சீட்டு

கூடுதல் பாதுகாப்புகள் பற்றியும் இரண்டு வரி. இன்டர்வலின் ஈ-பிளஸ்: உறுதியான வாரத்தை மறுபடி மூன்று முறை வரை மாற்றிக்கொள்ளலாம், உறுதியான சில நாட்களுக்குள் வாங்க வேண்டும். தேதி உறுதியில்லாதவர்களுக்குப் பயன் உண்டு. ஒன்றை முதலில் பிடித்து வைத்து, நல்லது வந்தால் தாவும் முறைக்கும் இது உதவும்.

ஆர்சிஐயில் டிரேடிங் பவர் பாதுகாப்பு: ரத்து செய்தால் டெபாசிட் வலிமை குறையாமல் திரும்பும். கோடையில் 30, 40 எண் கொடுத்து எடுத்த வாரத்துக்கு வாங்கலாம். 8, 10 எண் வாரத்துக்கு அந்தக் கட்டணம் தண்டம்.

#16 சாலைமரம்

ஆர்சிஐ பாயிண்ட்ஸ், அதாவது வாரத்துக்குப் பதில் புள்ளிகளை வைத்து எடுக்கும் திட்டம், பற்றி யாரும் பேசவில்லையே? விற்பனைக் கூட்டத்தில் "வாரத்தைப் பாயிண்ட்ஸாக மாற்றுங்கள், சில ஆயிரம் டாலர் கட்டினால் போதும்" என்று அழுத்துகிறார்கள்.

#17 தெற்குத்திசை

அந்தச் சில ஆயிரத்தை எத்தனை மாற்றுக்கு வகுக்கப் போகிறீர்கள் என்று முதலில் பாருங்கள். 3000 என்றால், வருடம் ஒரு மாற்று எடுப்பவருக்குப் பத்து வருடத்துக்கு ஒவ்வொரு மாற்றிலும் 300 கூடுகிறது. மாற்றுக் கட்டணமே இரட்டிப்பாவதற்குச் சமம்.

பாயிண்ட்ஸில் உள்ள உண்மையான வசதி, ஏழு இரவுக்குக் குறைவாகவும் எடுக்கலாம் என்பது. மூன்று இரவு, நான்கு இரவு போகிறவர்களுக்கு அது பெரிய விஷயம். விமான டிக்கெட்டுக்கும் வாடகைக் காருக்கும் பாயிண்ட்ஸைச் செலவழிப்பது மட்டும் வேண்டாம். ஒரு பாயிண்டுக்கு நீங்கள் கட்டும் பராமரிப்புக் கட்டணத்தை வகுத்துப் பாருங்கள், அங்கே கிடைக்கும் தள்ளுபடி அதில் பாதிக்கும் வராது. பாயிண்ட்ஸ் வேண்டும் என்றே தீர்மானித்தால், ஏற்கனவே பாயிண்ட்ஸில் இருக்கும் வாரத்தை மறுவிற்பனையில் வாங்குவது மலிவு.

#18 அலைகடல்

இரண்டு பெரிய நிறுவனங்களையும் தவிர வேறு வழியும் இருக்கிறது. டயல் ஆன் எக்ஸ்சேஞ்ச் என்று இருந்தது இப்போது செவன் அக்ராஸ் என்ற பெயரில் இருக்கிறது, பிளாட்டினம் இன்டர்சேஞ்ச் இருக்கிறது. இந்த மாதிரிச் சிறிய நிறுவனங்களில் உறுப்பினர் கட்டணம் குறைவு அல்லது இல்லை. கிடங்கு சிறியது. ஒப்படைக்கும் முன் உங்களுக்கு வேண்டிய பகுதி அங்கே இருக்கிறதா என்று பார்த்துவிட்டே போடுங்கள். போட்ட பிறகு காலாவதி வரை காத்திருந்து ஏமாறக் கூடாது.

நேரடி மாற்றும் உண்டு, அதாவது இரண்டு உரிமையாளர்கள் நிறுவனம் இல்லாமல் தங்களுக்குள் வாரத்தை மாற்றிக்கொள்வது. 1993 முதல் இயங்கும் டைம்ஷேர் யூசர்ஸ் குரூப் என்ற உரிமையாளர்களின் இணையத் தளத்தில் இதற்குத் தனிப் பகுதி இருக்கிறது. மாற்றுக் கட்டணமே கிடையாது. இருவரும் அவரவர் பராமரிப்புக் கட்டணத்தைக் கட்டிக்கொள்வார்கள். செய்யும் ஒழுங்கு மட்டும் முக்கியம். எதிர்த்தரப்பு கொடுத்த எண்ணை நம்பாமல், ரிசார்ட்டின் சொந்தத் தளத்தில் உள்ள எண்ணில் அழைத்து, பதிவு எண், தேதி, யூனிட் வகை, பராமரிப்புக் கட்டணம் கட்டப்பட்டதா என்பதைச் சரிபாருங்கள். உரிமையாளர் அனுமதி இல்லாமல் ரிசார்ட் பேசாது. அதனால் அவரையும் அழைப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். தேதி, யூனிட், சேதப் பொறுப்பு, ஒருவர் ரத்து செய்தால் என்ன என்பதை எழுத்தில் வையுங்கள். இருவர் பதிவிலும் விருந்தினர் பெயர் ஒரே நாளில் ஏறி, புதிய உறுதிச்சீட்டு இருவருக்கும் வந்த பிறகே பயணச் சீட்டு வாங்குங்கள்.

மாற்றவோ விற்கவோ உதவுகிறோம் என்று தாங்களாக அழைத்து முன்பணம் கேட்பவர்களிடம் உங்கள் உறுப்பினர் எண்ணைக்கூடச் சொல்லாதீர்கள்.

#19 மாடிவீடு

எல்லாருக்கும் நன்றி. இப்போதைய திட்டம் இது. பிரிக்கிறோம். ஒரு படுக்கையறைப் பாதியை வாடகைக்கு விளம்பரம் செய்கிறோம், செப்டம்பர் கடைசி வரைதான் கெடு. ஆள் வராவிட்டால் அக்டோபர் தொடங்கும் முன் ஆர்சிஐயில் ஒப்படைப்பு. ஸ்டுடியோவை இன்டர்வலில் டெபாசிட் செய்து ஃபிளெக்ஸ்சேஞ்சில் எடுக்கிறோம். இதில் தவறு ஏதாவது இருக்கிறதா?

#20 நெய்தல்

இரண்டு இடத்தைச் சரி செய்யுங்கள்.

ஒன்று, இரண்டு நிறுவனத்திலும் இருந்தால் இரண்டு உறுப்பினர் கட்டணம். வாடகைக்கு ஆள் வந்துவிட்டால் ஆர்சிஐ தேவையே இல்லை. அதனால் இப்போதே சேராதீர்கள், கெடு முடியும்போது பாருங்கள். ஆள் வராவிட்டாலும் அந்தப் பாதியையும் இன்டர்வலிலேயே போட்டால் ஒரு கட்டணத்தோடு முடியும். ஆர்சிஐயில் மட்டும் உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும் என்றால் தவிர இரண்டாவது உறுப்பினர் கட்டணம் வேண்டாம்.

இரண்டாவது, ஃபிளெக்ஸ்சேஞ்சில் எடுப்பதுதான் கடைசி நேரம். ஒப்படைப்பு கடைசி நேரமாக இருக்கக் கூடாது. ஸ்டுடியோவை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் போட்டுவிடுங்கள். அப்போதுதான் 59 நாள் ஜன்னலில் ஒன்றும் அமையாவிட்டாலும் சாதாரண மாற்றுக்கும் அது செல்லும், இரண்டு வருடம் கையில் இருக்கும்.

#21 கணக்குச்சீட்டு

மூன்றாவதாக ஒன்று. பிரித்த பாதிகளில் ஒன்றை வாடகைக்கு விட்டு மற்றதை ஒப்படைக்கலாமா, இரண்டு பாதிக்கும் ஒரே வாரம்தானா, வேறு வேறு வாரமாகப் பதிவு செய்யலாமா என்று ரிசார்ட்டில் கேளுங்கள். வேறு வேறு வாரமாக முடியும் என்றால், வாடகைக்கு விடும் பாதியைப் பள்ளி விடுமுறையின் நடுவிலும், ஸ்டுடியோவை மாற்று வலிமை அதிகமுள்ள வாரத்திலும் தனித்தனியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். பதில் வந்ததும் இங்கே எழுதுங்கள், பிரிப்புக் கட்டணம் எவ்வளவு என்பதையும் சேர்த்து. கணக்கை மறுபடி போட்டுப் பார்க்கலாம்.